மண்ணாங்கட்டியின் மூக்கு வளையம்

செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் மருந்துக்கடை. எதிரே ஆட்டோ ஸ்டாண்டு. கல்லாவில் உட்கார்ந்தால் அங்கே நிற்கும் டிரைவர்களின் முகங்களைப் பார்த்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. அவற்றில் ஒரு முகத்தில், இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவே, சின்னதாக ஓர் எஃகு வளையம் தொங்குகிறது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரன் மண்ணாங்கட்டி. நாற்பதைத் தாண்டியவன், தொப்பைக்காரன், பேச்சுக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும் ஆள்.

இந்தச் சாலையில் வெளிநாட்டுப் பெண்கள் நடு மூக்கில் வளையத்தோடு சைக்கிளில் போவதை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மண்ணாங்கட்டியின் வளையத்தை மட்டும் கிரிவலம் வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். சாமியார் என்று நினைத்துச் சிலர் கும்பிட்டும் இருக்கிறார்கள். அவனும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, ஆட்டோ வேண்டுமா என்று கேட்பான். இது ஃபேஷனா, வேண்டுதலா, பைத்தியமா என்று என் கடைக்கே வந்து விசாரிக்கிறவர்களும் உண்டு. மாத்திரை வாங்க வந்தவர்களுக்கு அடுத்தவன் மூக்கில் என்ன வேலை என்று எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனாலும் அந்த மூக்கைப் பற்றி என் அளவுக்குத் தெரிந்தவர் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். என்னைவிட இளையவன், தம்பி போல. அவன் இவன் என்றுதான் எனக்கு எழுத வரும்.

அவன் பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைக் கேட்டால், ஐயோ, இவனுக்கு முன்னால் எத்தனை போயிற்றோ என்றுதான் நினைப்போம். பிள்ளைகள் பிறந்து பிறந்து தங்காமல் போகும் வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டுப் பக்கத்து வீட்டுக்காரியை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அவளிடம் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துப் பெற்றவளே பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். குப்பு, பிச்சை, மண்ணாங்கட்டி என்று ஒன்றுக்கும் உதவாத பெயராக வைப்பார்கள். நடு மூக்கில் துளை போட்டு இரும்புக் கம்பியை வளைத்து மாட்டுவார்கள். எமன் எட்டிப் பார்த்தால், இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, நமக்கு மட்டும் எதற்கு என்று போய்விட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மண்ணாங்கட்டிக்கு இவை எல்லாமே நடந்தன. அடி அண்ணாமலையில் அவர்கள் வீடு. அவனுக்கு முன்னால் இரண்டு அண்ணன்மார் தொட்டிலிலேயே போய்விட்டார்கள். மூத்தவள் கன்னியம்மாள் மட்டும் தங்கினாள். தம்பிக்கு மூக்குக் குத்தியபோது அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவனை மாடு மாடு என்று கூப்பிட, அவன் அழுதுகொண்டு வர, கம்பியைக் கழற்றிவிட்டவளும் அவள்தான். துளை தானாக மூடிக்கொண்டது. அந்தக் கம்பி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய மூக்கை அவன் எதற்குப் பயன்படுத்தினான் தெரியுமா? பொடி போட. சட்டைப்பையில் தகர டப்பா, கழுத்தில் பழுப்பேறிய துண்டு. சவாரி இல்லாத நேரத்தில் ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சிவிட்டு அவன் போடும் தும்மலில் என் கடைக் கண்ணாடி அதிரும். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். சிரிப்பான். "இது இல்லாங்காட்டி வண்டி ஓடாதுக்கா" என்பான்.

கல்யாணம் அவனுக்குத் தாமதமாகத்தான் கூடிவந்தது. அருணாதேவி கீழ்பென்னாத்தூர்ப் பெண். பி.காம். படித்தவள், ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. கறாரானவள், எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. இரண்டாவது, ஆண் குழந்தை, பிறந்த வாரமே போனது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் மண்ணாங்கட்டியின் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பழக்கத்தில் வந்துகொண்டிருந்ததே தவிர அதில் ஒன்றுமில்லை.

மூன்றாவதாகப் பிறந்தவள்தான் கவிநிலா. நாள் நிரம்பும் முன்னே அவசரப்பட்டு வந்துவிட்டாள். என் முழங்கை நீளத்துக்குள் அடங்கிவிடுவாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மூக்கில் குழாய் போட்டு, ஒருவழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாகப் படுக்க வையுங்கள், உடம்புச் சூடு அவளுக்கு மருந்து, அம்மாதான் என்றில்லை, அப்பாவும் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மருந்தை மண்ணாங்கட்டி ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. மத்தியானம் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவான். குளித்து, சட்டையைக் கழற்றி, அந்தப் பெரிய தொப்பைக்கு மேலே குழந்தையை ஏற்றிவிட்டுக்கொண்டு மூச்சைக்கூட மெதுவாக விடுவான். ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். என்னிடம் கண்ணாலேயே பேசினான்.

கன்னியம்மாள் வந்தது அப்போதுதான். கோயில் வாசலில் பூ விற்கிறவள், கணீரென்ற குரல். ரெண்டு போய்ப் பிறந்த பிள்ளை, முறைப்படி எல்லாம் செய்ய வேண்டும் என்றாள். தவிட்டுக்கு அருணாதேவி ஒத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் முறத்தை நீட்டி மகளை வாங்கிக்கொண்டபோது அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. குப்பைமேடு முடியாது என்றாள். குப்பம்மாள் என்ற பெயரும் முடியாது, கவிநிலாதான் என்றாள். கன்னியம்மாள் அதையெல்லாம் விட்டுக்கொடுத்தாள். மூக்கை மட்டும் விடவில்லை. இவன் இன்றைக்கு உயிரோடு இருப்பதே மூக்குக் குத்தியதால்தான், சாட்சி கண்ணெதிரே நிற்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டாள்.

அருணாதேவி குரலை உயர்த்தாமல் பதில் சொன்னாளாம். "அவ மூச்சு வுடறதே பெரும் பாடு அண்ணி. அந்த மூக்குல யாராச்சும் கைய வெச்சா, புள்ளயத் தூக்கிக்கினு எங்க ஊட்டுக்குப் போயிடுவேன்."

கன்னியம்மாள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இரண்டு பெண்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பச்சைக் குழந்தைக்கு அங்கே புண் வந்தால் பாலே குடிக்க முடியாது, கிருமி ஏறினால் தாங்க மாட்டாள், உன் அக்காவிடம் நான் பேசுகிறேன் என்றேன். அவன் தலையை ஆட்டினான். குத்தக் கூடாது என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

"அது இல்லக்கா. நாளைக்குப் புள்ளைக்கு ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னு வையி. குத்தாததாலதான்னு எங்கக்கா சொல்லும். அருணா சொல்ல மாட்டா, ஆனா நெனச்சிப்பா. நானும் நெனச்சிப்பேன். அத்த வெச்சிக்கினு எப்படிக்கா வாழறது?"

எனக்குச் சட்டென்று கோபம் வரும், எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு வரவில்லை. இதற்கு என் கடையில் மருந்து இல்லை.

இரண்டு நாள் கழித்து அவனே வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். மகளுக்குப் பதிலாகத் தன் மூக்கைக் குத்திக்கொள்ளப் போகிறானாம். அக்காவிடம் கேட்டிருக்கிறான். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, அதே மூக்குதானே, அம்மனுக்கு ஏற்கெனவே தெரிந்த மூக்குதானே என்று ஒத்துக்கொண்டு, அன்று மத்தியானமே எழுந்து சாப்பிட்டும்விட்டாள். நிபந்தனைகள் மட்டும் போட்டாள். பொன் கூடாது, இரும்புதான் போட வேண்டும். குழந்தைக்கு வயது ஒன்று நிறைந்து குலதெய்வம் பச்சையம்மன் கோயிலில் மொட்டை போடும் வரைக்கும் கழற்றக் கூடாது. நடுவில் கழன்றால் வேண்டுதல் போச்சு. பிள்ளைக்கு யாரும் ஜவாப்தாரி இல்லை.

குத்துவதற்குக் கீழ்பென்னாத்தூரில் ஓர் ஆசாரியைப் பார்த்து வைத்திருந்தாள். அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். வீட்டில் பச்சைக் குழந்தை, இவன் தொழிலோ ரோட்டுப் புழுதியில், இந்த லட்சணத்தில் யார் யாருக்கோ குத்திய கம்பியால் குத்திக்கொண்டு வந்து நிற்பானா என்று சத்தம் போட்டு, என் கடைக்குப் பின் சந்தில் பச்சை குத்தும் கடை வைத்திருக்கும் அருள்ராஜிடம் அழைத்துப் போனேன். கழுத்து வரைக்கும் பச்சை குத்திக்கொண்ட ஆள். ஒவ்வொரு ஆளுக்கும் ஊசியை உறையிலிருந்து புதிதாக எடுப்பவன். அது எனக்குத் தெரியும், என்னிடம்தான் கையுறை வாங்குகிறான்.

அருள்ராஜ் விளக்கைக் கிட்டே இழுத்து, மண்ணாங்கட்டியின் மூக்குக்குள் நெடுநேரம் பார்த்தான். பழைய தழும்பு இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் முன்னால் குருத்தெலும்பு இல்லாமல் வெறும் தோலாக ஓர் இடம் உண்டு, அங்கே குத்தினால் வலி கம்மி என்றான். கன்னியம்மாளுக்கு வலியைப் பற்றிக் கவலை இல்லை. வளையத்தைக் காட்டச் சொன்னாள். லாடம் போல வளைந்து, இரண்டு முனையிலும் திருகிக் கழற்றும் சின்னக் குண்டு வைத்தது.

"இது இன்னா லோகம்?"

"எஃகும்மா. ஆபரேஷன்ல வைக்கிற எஃகு. சீழ் புடிக்காது."

"எஃகுன்னா இரும்புதானே?"

"இரும்பு மாதிரிதான்."

"லாடம் மாதிரியும் இருக்குது. வாசக்கால்லயே லாடம் அடிக்கிறோம், மூக்குல அடிச்சா இன்னா. குத்துப்பா."

குத்தினான். மூக்கில் குத்தினால் யாருக்கும் தானாகவே கண்ணில் தண்ணீர் கொட்டும். அழவில்லை, அழவில்லை என்று மண்ணாங்கட்டி சொல்லிக்கொண்டே இருந்தான். தம்பியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த கன்னியம்மாள்தான் அழுதாள்.

அதற்கப்புறம் அருள்ராஜ் பக்குவம் சொன்னான். காலையும் மாலையும் உப்புத்தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்ற வேண்டும். கையைக் கழுவாமல் தொடக் கூடாது, வளையத்தைத் திருகிப் பார்க்கக் கூடாது. மஞ்சள், தேங்காயெண்ணெய், விபூதி எதுவும் அண்டக் கூடாது. வண்டி ஓட்டும்போது முகக்கவசம். கன்னியம்மாள் மஞ்சள் என்ற இடத்திலேயே உதட்டைப் பிதுக்கினாள். மஞ்சள் கையோடு கிட்டே போனால் உன் தம்பி ஆஸ்பத்திரிக்குத்தான் போவான் என்று நான் ஒரு போடு போட்டேன்.

"பொடியும் போடக் கூடாதுண்ணே" என்றான் அருள்ராஜ்.

மண்ணாங்கட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஊசிக்குக் கலங்காதவன் அதற்குக் கலங்கினான். இந்த ஒன்றை அவன் யோசிக்கவே இல்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்டான். ஆறும் வரைக்கும், மாதக்கணக்கில் ஆகும் என்றான் அருள்ராஜ். கடைக்குத் திரும்பியதும் மண்ணாங்கட்டி தகர டப்பாவை எடுத்து என் மேஜைமேல் வைத்தான். நான் அதை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். போகும்போது அந்த இழுப்பறையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

அருணாதேவிக்கு விஷயம் குத்திய பிறகுதான் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தாள், இதற்குப் பெயர் புத்தியா என்று ஒரு வார்த்தை கேட்டாள், அத்தோடு சரி. அதன்பிறகு அந்த வளையம் இருக்கும் பக்கமே பார்க்காமல் அவனோடு பேசப் பழகிக்கொண்டாள். அவன் காதைப் பார்த்துப் பேசுவாள்.

ஸ்டாண்டில் அவனைப் படுத்தாத பாடில்லை. மூக்கணாங்கயிறு எங்கே, அருணா கையில் இருக்கிறதா என்று கேட்பார்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, முகக்கவசத்தை இறக்கச் சொல்லி, பார்த்துவிட்டு, கையை ஆட்டிப் போகச் சொன்னார். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி அவனோடு படம் எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் சிரித்தான். காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என் கடை வாஷ்பேசினில் நின்று உப்புத்தண்ணீரால் ஒற்றிக்கொள்வான். புண் நன்றாகத்தான் ஆறி வந்தது.

தீபத் திருவிழா முடிந்த கையோடு கவிநிலாவுக்குச் சளி பிடித்து மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். தாயை மட்டும் உள்ளே விட்டார்கள். மண்ணாங்கட்டி வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். உள்ளிருந்து யார் வந்தாலும் எழுந்து நின்று, அவர்கள் தாண்டிப் போனதும் உட்கார்ந்து, இப்படியே ஒரு பகல் முழுக்க. பக்கத்தில் இருந்த ஒருவர் பொடி மட்டையை நீட்டியிருக்கிறார். அவன் கை தானாகப் போய்விட்டது. வளையத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு சிட்டிகை. பிறகு தும்மல், நிற்காத தும்மல். நமைச்சல் தாங்காமல் பழுப்புத் துண்டால் அழுத்தித் துடைத்துத் துடைத்து, ஆறிக்கொண்டிருந்த புண்ணைக் கிளறிவிட்டான்.

குழந்தை தேறினாள். அவள் வீட்டுக்கு வந்த நாளில் அவன் மூக்கு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. நேராக என்னிடம் வந்தான். எப்படி ஆயிற்று என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னான். நான் திட்டிய திட்டில் கடைக்கு வந்த இரண்டு பேர் வெளியிலேயே நின்றுவிட்டார்கள்.

வீட்டில் அதைவிடப் பெரிய பஞ்சாயத்து. சீழை வைத்துக்கொண்டு பிள்ளைகிட்டே வராதே, முதலில் அந்தக் கருமத்தைக் கழற்று என்றாள் அருணாதேவி. கழற்றினால் பிள்ளைக்கு ஆகாது என்றாள் கன்னியம்மாள். நான் அவனை டாக்டரிடம் அனுப்பினேன். வளையம் இருக்கட்டும், கழற்றினால் துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கும் என்று அவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். கன்னியம்மாளுக்கு வெற்றி. ஆனால் புண் காயும் வரைக்கும் குழந்தையைத் தூக்கவே கூடாது, கிட்டேயே போகக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். அது அருணாதேவிக்கு. மண்ணாங்கட்டிக்கு என்ன மிஞ்சியது?

வாசற்படிதான். மத்தியானத்தில் வழக்கம்போல வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவான். குளிப்பான். வாசற்படியில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்பான். பழக்கப்பட்ட நேரத்துக்குக் குழந்தை சிணுங்குவாள். அருணாதேவி அவளைத் தன் நெஞ்சில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அவனைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

ஒரு நாள் வாஷ்பேசினில் பஞ்சை நனைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினான்.

"புள்ளைக்காவத்தானே குத்திக்கினேன். இப்ப புள்ளயத் தொட முடியலியேக்கா."

அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பஞ்சை அவன் கையிலிருந்து வாங்கி நானே ஒற்றிவிட்டேன். தம்பியாகப் பிறந்திருந்தால் செய்திருப்பேன், செய்யக் கூடாதா என்ன.

அன்றிலிருந்து அந்த மூக்கு என் பொறுப்பில் வந்தது. மாத்திரையை என் கண்ணெதிரே விழுங்க வேண்டும். பழுப்புத் துண்டை அவன் கழுத்திலிருந்து உருவிக் குப்பையில் போட்டேன். ஸ்டாண்டில் யாராவது பொடி டப்பாவைத் திறந்தால் கடையிலிருந்தே குரல் கொடுத்தேன். திருநீறோடு வந்த பயணிகள் ஆசீர்வாதமாக அவன் நெற்றியில் பூசப் போனால்கூட அவன் பின்வாங்கி, இங்கே பூசுங்கள் என்று தோளைக் காட்டினான். வீக்கம் மெல்ல வடிந்தது. சீழ் நின்றது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொள் என்றார்.

முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்தானாம். அருணாதேவி குழந்தையைக் கொண்டுவந்து அவன் நெஞ்சில் வைத்தாள். கவிநிலா தலையைத் தூக்கப் பழகியிருந்தாள். தூக்கியதும் அவள் கண்ணுக்கு நேரே வளையம் பளபளத்தது. அதைப் பார்த்தபடியே தூங்கிப்போனாள்.

பார்ப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கை நீட்டத் தெரிந்ததும் முதலில் பிடித்தது அதைத்தான். அவன் வளையத்தை மேலே மடித்து மூக்குக்குள் மறைத்துக்கொள்வான். லாட வளையத்தில் அந்த வசதி உண்டு. குழந்தை விடமாட்டாள். காணாமல் போனதைத் தேடி அவன் மூக்குத் துவாரத்தில் விரலை விட்டுப் பார்ப்பாள். புண் நன்றாக ஆறிய பிறகு அவனும் மறைப்பதை நிறுத்திவிட்டான். ஒரு விரலை வளையத்தில் கொக்கி போட்டுக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். குறை மாதத்துப் பிள்ளை, கையில் பலம் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று டாக்டர் ஒருமுறை தன் விரலைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிடி நன்றாக இருக்கிறது என்றார்.

"அவருக்கு இன்னாக்கா தெரியும், என் மூக்கக் கேக்கச் சொல்லு" என்றான் மண்ணாங்கட்டி. அந்த வாரம் முழுக்க ஸ்டாண்டில் எல்லோரிடமும் இதையே சொன்னான்.

பிறந்தநாள் நெருங்கியது. நான் இழுப்பறையைத் திறந்து பொடி டப்பாவைத் துடைத்து வைத்தேன். வேண்டுதல் முடிந்ததும் கேட்பான் என்று நினைத்தேன். அவனோ கடைப்பக்கம் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, வளையத்தைத் தடவிக்கொண்டே, கழற்றினால் ஒன்றும் ஆகாதே என்று கேட்டான். துளை கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான் என்றேன்.

"ஓட்டயக் கேக்கலக்கா."

எனக்குப் புரிந்தது. ஒன்றும் ஆகாதுப்பா என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை என்பது அவன் எழுந்து போனவிதத்திலேயே தெரிந்தது.

பச்சையம்மன் கோயில் கீழ்பென்னாத்தூருக்கு அப்பால், வேர்க்கடலைக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. பொங்கல் பானை வைத்தார்கள். காது குத்துவதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அருணாதேவியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணமே வராது. முதலில் குழந்தைக்கு மொட்டை. கத்தி முடித்து, அம்மா மடியில் சமாதானமானாள். பிறகு மண்ணாங்கட்டி உட்கார்ந்தான். தலையோடு மீசையும் போயிற்று. குளித்துவிட்டு ஈர வேட்டியோடு அம்மன் முன்னால் வந்து நின்றான். கன்னியம்மாள் தட்டை நீட்டினாள். அவன் குண்டைத் திருகினான். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவையில் வளையம் தட்டில் விழுந்தது. உண்டியலில் போடும் முன் கற்பூரம் காட்டட்டும் என்று பூசாரியிடம் கொடுத்தாள்.

அவன் மகள் பக்கம் திரும்பிக் கைகளை நீட்டினான். கவிநிலா அவனைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. வீல் என்று கத்திக்கொண்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்து, செல்லப் பெயர்களை எல்லாம் சொல்லிக் கூப்பிட்டான். குரலைக் கேட்டதும் திரும்புவாள், முகத்தைப் பார்ப்பாள், மறுபடியும் கத்துவாள். பக்கத்தில் போனால் காலால் உதைத்தாள். மொட்டை அடித்ததால் அடையாளம் தெரியவில்லை, ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்கள் பெரியவர்கள். சிரிப்பு அடங்கியது. மண்ணாங்கட்டி வேல் நட்டிருந்த மேடையோரம் போய் உட்கார்ந்துகொண்டான். மீசை இல்லாத அந்த முகம் எனக்கும் யாரோ ஒருவருடையது போலத்தான் இருந்தது. வளையம் போனதுமே பிள்ளை தன்னைவிட்டு விலகியதை அவன் என்னவாக எடுத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன்.

அருணாதேவி குழந்தையை என்னிடம் கொடுத்தாள். பூசாரியின் தட்டிலிருந்து வளையத்தை எடுத்தாள்.

"கீதாக்கா, சலைன் இருக்குதா?"

என் கைப்பையில் எப்போதும் இருக்கும். கொடுத்தேன். ஊற்றி வளையத்தைக் கழுவினாள். கன்னியம்மாள் குறுக்கே வந்தாள். கழித்த வேண்டுதலைத் திரும்பப் போடக் கூடாது, அம்மனுக்கு ஆகாது என்றாள்.

"வேண்டுதல் முடிஞ்சிருச்சி அண்ணி. இது அதுக்கு இல்ல. எம்பொண்ணு அவங்கப்பாவத் தேடறா."

ஒரு வருஷமாக அந்த வளையத்தின் பக்கமே பார்க்காதவள், அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, தன் கையாலேயே அதை மூக்கில் நுழைத்துக் குண்டைத் திருகினாள். நிதானமாகச் செய்தாள். அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆறிப்போன துளையில் வலிக்காது, எனக்குத் தெரியும்.

நான் குழந்தையை அவன் முகத்தருகே கொண்டுபோனேன். அழுகை விக்கலாகி நின்றது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். கை மெதுவாக நீண்டு, விரல் வளையத்தில் கொக்கி போட்டு, வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தது. அம்மா என்று அலறிக்கொண்டே அவளை வாரி நெஞ்சில் போட்டுக்கொண்டான்.

பூசாரிக்கு வெறும் தட்டு. உண்டியலுக்கு என்ன போடுவது என்று கேட்டார். கன்னியம்மாள் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு துணி முடிச்சு. அதற்குள் துருவேறிய ஒரு சின்னக் கம்பி, குழந்தை மூக்குக்கு மட்டும் ஆகும் அளவில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள் என்று அன்றைக்கு அவள் கழற்றியது. அத்தனை வருஷமும் அதை இடுப்பிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

"இத்தத் தூக்கிப் போடறதுக்கு மட்டும் எனக்குத் தெகிரியமே வரல" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். தம்பியையும் அவன் மகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். உண்டியலில் போட்டுவிட்டாள். கம்பி போய் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

மண்ணாங்கட்டி இதைக் கவனிக்கவில்லை. அவனால் திரும்பிப் பார்க்க முடியாது. மூக்கு மகளின் கையில் இருந்தது.